சாம்பலுக்கு அடுத்து களிமண்

 

ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 440 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளையைக் காற்றாலை மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 440 குறையாது. அது எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள் இருப்பது. அரியலூர்க் கல்லில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுயிர்கள் பூட்டிவைத்தது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சிமென்ட்டின் பங்கு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு. அதில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது.

எனவே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்யும் சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கரைக் குறைத்தாக வேண்டும். மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களின் உலைச்சாம்பலைக் கலந்து அதைத்தான் செய்துவருகிறோம். பிபிசி எனப்படும் போர்ட்லாண்ட் பொசோலானா சிமென்ட் மூட்டையில் எடையில் 35 விழுக்காடு வரை சாம்பலை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலக்கரியைக் கைவிடச் சொல்லிக்கொண்டே அதன் சாம்பலை நம்பிப் பசுமை சிமென்ட் செய்வது எத்தனை நாளைக்கு? சிமென்ட்டில் கலக்கும் இரும்பாலைக் கசடுக்கும் இதே கதிதான். கழிவை மூலப்பொருளாக்கிய தொழில், அந்தக் கழிவு ஓயாமல் வரவேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிடும். எனக்கு அந்த அச்சம் உண்டு.

தீராமல் கிடைப்பது களிமண். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கேரன் ஸ்க்ரிவனரும் கியூபாவின் சாந்தா கிளாராவில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும், சென்னை உள்ளிட்ட ஐஐடிகளும் சேர்ந்து வளர்த்த எல்சி3 என்னும் சுண்ணாம்புக்கல்-சுட்ட களிமண் சிமென்ட்டில் கிளிங்கர் பாதிதான். சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5 விழுக்காடு. கிளிங்கருக்கு 1450 பாகை செல்சியஸ் வேண்டும். களிமண்ணுக்கு 800 போதும். பீங்கான் தொழில் கேட்கும் வெண்களிமண்ணும் வேண்டாம். 40 விழுக்காடு கேயோலினைட் இருந்தால் சரி. கரியமில வாயு 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம், சுடாத கல்தூள் வெறும் நிரப்பியாக இராமல் களிமண்ணின் அலுமினாவோடு வினைபுரிவது. அந்த வினையில் பிறக்கும் படிகங்கள் நுண்துளைகளை அடைக்கின்றன. உப்பு எளிதில் உள்ளே புகுவதில்லை. கடலோரக் கட்டுமானம் மிகுந்த நமக்கு இது சிறிய செய்தியா?

சுட்ட மண் நமக்குப் புதிதுமல்ல. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையில் கல்லைப் பிணைத்தது சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும்தான்.

குறைகளும் உண்டு. கலவை கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். காற்றின் கரியமில வாயு சற்று விரைவாக உள்ளிறங்கும். ஆகவே கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தைக் குறைக்காமலும் இறுகும்வரை நன்றாகத் தண்ணீர் ஊற்றியும் கட்ட வேண்டும். மண்ணில் இரும்பு இருந்தால் சிமென்ட் செந்நிறம் காட்டும். கொத்தனார் மூட்டையைப் பிரித்ததும் கலப்படம் என்பார். சிமென்ட் சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த வேதியியலும் சொல்லவில்லை, ஆனால் சந்தை சொல்கிறது. 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18189 என்ற தரநிலையை வெளியிட்ட பிறகும், டெண்டரில் அந்த எண்ணை எழுதப் பொதுப்பணிப் பொறியாளர் துணிய வேண்டும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அகற்றும் மேல்மண்ணில் கேயோலின் களிமண்ணும் இருக்கிறது. அரியலூர்ச் சூளைகள் அங்கிருந்து லாரி தூரம். அந்த மண்ணை அடுக்கடுக்காகச் சோதித்து, எந்த அடுக்கு எல்சி3க்குத் தேறும் என்று வரைபடமாக்கும் வேலையை, இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆய்வு உதவித்தொகைக்கு உரியதாகப் பரிந்துரைக்கிறேன்.