வெயிலை அளக்கும் முறை

(தருமபுரி வட்டார ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2024-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. அவ்வாண்டுக் கோடையில் தருமபுரியில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வானொலி கூறும் அந்த அளவு எங்கே எடுக்கப்படுகிறது? தரைக்கு நாலடி உயரத்தில், வெள்ளை வர்ணம் பூசிய, காற்றுப் புகும் பெட்டிக்குள் எடுக்கப்படும் நிழல் வெப்பம் அது. ஏரிக்கரையில் மண் சுமக்கும் பெண்ணுக்கு நிழல் ஏது?

1950-களில் அமெரிக்கப் போர்வீரர் பயிற்சி முகாம்களில் பலர் வெயிலில் மயங்கி விழுந்தனர். அதனால் வேறொரு முறை வகுக்கப்பட்டது. அதற்கு மூன்று வெப்பமானிகள் வேண்டும். ஒன்று சாதாரணமானது. மற்றொன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணி சுற்றியிருக்கும். மூன்றாவது, வெயிலில் வைத்த கறுப்புச் செப்பு உருண்டைக்குள் இருக்கும். நனைந்ததில் பத்தில் ஏழு பங்கு, உருண்டையில் இரு பங்கு, சாதாரணத்தில் ஒரு பங்கு எடுத்துக் கூட்டவேண்டும்.

நனைந்ததற்கு ஏன் இத்தனை மதிப்பு? நம் வீட்டு மண்பானையைப் பாருங்கள். காய்ந்த நாளில் கசியும் நீர் ஆவியாவதால் பானை குளிர்கிறது. புழுக்க நாளில் அவ்வாறு குளிர்வதில்லை. வியர்வையால் குளிரும் உடலின் நிலையும் அதுவே.

ஒரு காய்ந்த நண்பகலில் சாதாரணம் 40, நனைந்தது 23, உருண்டை 52 எனக் கொள்வோம். கூட்டினால் 30.5 வரும். கோடைமழைக்கு மறுநாள் இவை 35, 27, 48 என்றால் 32 வரும். வெப்பமானி ஐந்து டிகிரி இறங்கியும் ஆபத்து ஏறிவிட்டது! மழை பெய்ததென்று மகிழ்ந்து நாம் வேலையை முடுக்குவதும், ஏர் பூட்டுவதும் அன்றைக்குத்தான்.

வெயிலுக்குப் பழகியவர் நடுத்தர உழைப்பை இடைவிடாது செய்ய 28 வரை தகும் என்பது பன்னாட்டு அளவு. மண் வெட்டுவது கடும் உழைப்பாதலின் அதற்கு எல்லை இன்னும் குறைவு.

வேலையை நிறுத்தினால் கூலி போய்விடுமே என்பர். நாம் கேட்பது நேரமாற்றமே. விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடிக்கலாம். வேலைத்தளத்தில் பந்தலும் குடிநீரும் கட்டாயம் வேண்டும். ஒருவர் உளறினாலோ உடல் கொதித்து மயங்கினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுசென்று நீர் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

செப்பு உருண்டை கிட்டும்வரை, முதல் இரண்டு வெப்பமானிகளையேனும் ஊராட்சி அலுவலகத்தில் தொங்கவிடுவோம். அவற்றின் வேறுபாடு குறைந்தால் புழுக்கம் மிகுந்துவிட்டதென்று பொருள். துணி உலர்ந்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஆகவே அதை நாள்தோறும் நனைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.