இறால் வளர்ந்த இடம் எது?



பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இறால் சம்பல் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்த இறால் எங்கே வளர்ந்தது என்று யாராவது கேட்டதுண்டா? அந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் சேற்றில் இறங்கியவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. சசிகுமார்.

சதுப்புநிலக் கரையில் எந்த உயிரினம் எந்த மட்டத்தில் வாழ்கிறது என்ற அவருடைய கட்டுரை 1974-இல் வெளிவந்தது. சொல்ல எளிது. அளக்க வேண்டுமானால் வற்று நேரம் பார்த்து, கொசுக்கடியில் சேற்றில் நிற்க வேண்டும்!

அடுத்து, மரத்திலிருந்து விழும் இலை. ஒரு ஹெக்டரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டன் இலையும் குச்சியும் உதிர்வதை 1983-இல் எழுதினார். அத்தனையையும் யார் தின்பது? நண்டின் வயிற்றைத் திறந்து பார்த்த கட்டுரை 1985-இல் வந்தது. அதில் முதல் பெயர் லே, இரண்டாவதுதான் சசிகுமார். வெள்ளை இறாலின் உணவைப் பற்றிய 1981 கட்டுரையிலும் இளம் ஆய்வாளர் சோங் விங் சிங்கின் பெயரே முன்னால் நிற்கிறது. உடன் உழைத்த இளையவரை முன்னால் நிறுத்தும் மனம் எல்லாருக்கும் வந்துவிடாது.

1984-இல் வந்த கூட்டாய்வு இன்னும் நுட்பமானது. மரத்தின் கார்பனுக்கும் பாசியின் கார்பனுக்கும் எடையில் சிறு வேறுபாடு உண்டு. எதைத் தின்றதோ அதன் அடையாளம் பிராணியின் தசையில் தங்கிவிடும். காட்டுக்குள் வாழ்பவற்றில் மரத்தின் பங்கு தெரிந்தது. கடலுக்குள் போகப் போக அது குறைந்தது. காட்டுக்குள்ளேயும் பல பிராணிகள் பாசியைத் தின்றே வாழ்ந்தன. "கடல் முழுவதற்கும் காடுதான் சோறு போடுகிறது" என்று மேடையில் முழங்குவோருக்கு இது சற்று ஏமாற்றந்தான். ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள்.

அப்படியானால் காடு எதற்கு? சோங், லே, டிகுரூஸ் ஆகியோருடன் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருக்கிறது. சிலாங்கூர் சதுப்புநில ஓடைகளில் 119 வகை மீன்கள், 9 வகை இறால்கள். மீன்களில் பெரும்பாலானவை குஞ்சுகள்!

இதற்கிடையே கிள்ளான் கரையும் மாறிக்கொண்டிருந்தது. காப்பாரில் மின்நிலையம் எழுந்தது. 1990-களில் சதுப்புநிலத் தீவான புலாவ் இண்டாவில் மேற்குத் துறைமுகம் வந்தது. நாட்டுக்கு இவை வேண்டியவைதாம். ஆனால் "வெறும் சேறுதானே" என்று இனி யாரும் சொல்ல முடியாது. கணக்கு கையில் இருக்கிறது.

அன்றைய சோங் விங் சிங் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பேராக் மாத்தாங் காட்டு ஓடைகளில் மீன் குஞ்சுகளை எண்ண, தம் மாணவர்களை அழைத்துப் போனார்.