தட்டைத் திருப்பிப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம் பேசுங்க. அரசியல் வேணாம், அட்வைஸ் வேணாம்" என்று செயலாளர் நிபந்தனை போட்டுவிட்டார். இந்த இரண்டையும் கழித்தால் என்னைப் போன்ற ரிட்டயர்டு ஆசாமியிடம் மிஞ்சுவது பழைய சாமான்தான். ஆகவே பழைய பீங்கானைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நம் கல்லூரியில் படித்த நாட்களில்தான். பாடப் புத்தகம் வாங்க ஆவடியில் லோக்கல் ரயில் ஏறி மூர் மார்க்கெட் போவேன். 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில் கிடைக்காத பழைய பொருள் கிடையாது. ஒரு நாள் புத்தகத்துக்கு வைத்திருந்த காசில் ஒன்றரை ரூபாய் கொடுத்து நீலப்பூ போட்ட சாசர் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கப் எங்கேடா?" என்று கேட்டார். இன்றுவரை அந்தக் கப் கிடைக்கவில்லை. 1985-இல் மூர் மார்க்கெட்டே தீயில் போய்விட்டது. இன்று நாம் ஆவடி லோக்கலில் போய் இறங்கும் சென்ட்ரல் நிலையப் பகுதிக்கு 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்ற பெயர் மட்டும் மிச்சம்.

பல வருஷம் நான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தவர் ஒருவர், பூந்தமல்லியில் பள்ளி ஆசிரியை ஒருவர், ஆவடியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் என்று எட்டுப் பேர். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். விலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பஜ்ஜி, காபி உண்டு. காபி மட்டும் எவர்சில்வர் டம்ளரில்தான் வரும். பழம்பொருளை நம்பி வாயில் வைக்கக் கூடாது பாருங்கள்! இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. பழைய பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம். அழகு பார்க்க வேண்டிய தட்டில் ஊறுகாய் போட்டுச் சாப்பிடாதீர்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் கற்ற முதல் பாடம், தட்டின் முகத்தைப் பார்த்து மயங்காதே, முதுகைப் பார் என்பது. செய்தவர்கள் முத்திரை போடுவது அடியில்தான். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் அங்கே சட்டம் வந்தது. ஆகவே நாட்டின் பெயர் போட்ட தட்டு பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'நிப்பான்' என்று இருந்தால் 1921-க்கு முந்திய ஜப்பானியச் சரக்கு என்று ஊகிக்கலாம். 'ஆக்குபைட் ஜப்பான்' என்று இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்து அந்நியப் படைகள் அங்கே இருந்த காலம். அது 1952-இல் முடிந்தது.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேத்துக்காரர் தடித்த வெள்ளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் 'எம். அண்ட் எஸ்.எம்.ஆர்.' என்று எழுத்து. நம் ஆவடி, அம்பத்தூர் வழியாகப் போகும் இருப்புப் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டது. பின்னாளில் அந்தப் பாதை மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனி 1908-இல் உருவாகி, 1951-இல் தெற்கு ரயில்வேயோடு இணைந்து மறைந்தது. ஆக, தட்டின் வயது அந்த 43 வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. நாலு எழுத்து நமக்குச் சொன்ன சேதி இது!

இன்னொரு வேடிக்கை. நம் வீடுகளில் பீங்கான் தட்டு என்று சொல்லும் பாதி, பீங்கானே அல்ல. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு ஏற்றிய எனாமல். காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வண்ண வண்ணத் தூக்குகளும் கிண்ணங்களும் இந்த ஜாதிதான். நல்ல போன் சைனா என்றால் விளக்குக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் தெரியும். எலும்புச் சாம்பல் கலந்து செய்வதால் வரும் மென்மை அது. விரல் நுனியால் தட்டினால் கிண்ணென்று ஒலிக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்துப் 'பழசாக்கிய' புதுச் சரக்கும் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

இவ்வளவு படித்தும் நாங்கள் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டோம். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

எங்களில் மூத்தவர் ஆவடி அண்ணன். அவரிடம் நூற்று நாற்பது உருப்படிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வார். இது ரயில்வே கேன்டீன் சமையல்காரர் கொடுத்தது, இது பட்டாபிராமில் வீடு காலி செய்தவர்களிடம் வாங்கியது, இது தீபாவளி போனஸில் வாங்கியது என்று. எழுதி வையுங்கள் அண்ணே என்றால், "எல்லாம் இங்க இருக்குப்பா" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டுவார். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம் திடீரென்று போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மகள் எங்களைக் கூப்பிட்டார். வீட்டை விற்கப் போகிறார்கள். சாமான்களைப் பிரிக்க உதவ வேண்டும் என்றார். போனோம். முத்திரைகளைப் படித்தோம், நாடு சொன்னோம், ஏறக்குறைய வருஷமும் சொன்னோம். எங்களுக்கே பெருமையாக இருந்தது. அப்போது அந்தப் பெண் கேட்டார்: "அங்கிள், கல்யாணமான புதுசுல அப்பா அம்மாவுக்கு ஒரு கப் வாங்கித் தந்தாராம். அதுல இருந்துதான் இதெல்லாம் ஆரம்பிச்சதாம். அது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணன் எங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் அது நினைவிருந்தது. எந்தக் கப் என்பதுதான் ஒருவருக்கும் நினைவில்லை. அந்தப் பெண் மூன்று கப்புகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். எது என்று தெரியாததால் மூன்று. மற்றவை நாலா பக்கமும் போயின.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் யாரும் பேசவில்லை. இங்கிலாந்தில் செய்த வருஷத்தைச் சொல்லத் தெரிந்த எங்களுக்கு, ஆவடியில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லத் தெரியவில்லை.

தம்பி தங்கைகளே, இது ஏதோ எட்டுக் கிழடுகளின் சொந்த சோகம் என்று நினைக்க வேண்டாம். பொருள் எங்கே, எப்படி, யாரிடமிருந்து வந்தது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில் இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ ஊர்த் தட்டுகளின் உடைந்த ஓடுகளும் உண்டு. முழுத் தட்டு கூட அல்ல, சில்லு! ஆனால் எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைத்ததால், கூடவே கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தெடுத்த சீனப் பீங்கான் ஓடுகளும் அப்படித்தான். சீனத்துக் கப்பல் வணிகம் நம் கரையைத் தொட்டதற்கு அவை சாட்சி. அதே ஓடு ஊர் பேர் தெரியாமல் உங்கள் ஷோகேஸில் இருந்தால் வெறும் ஓடு.

'எங்கிருந்து வந்தது?' என்ற இதே கேள்விதான் நம்மைத் தப்பு வழியில் போகாமல் காப்பதும். ஒருமுறை எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்த ஒருவர், சின்ன ஐம்பொன் அம்மன் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். எங்கிருந்து என்றோம். பதில் இல்லை. வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னோம். அவருக்கு வருத்தம்தான், அடுத்த மாதம் வரவில்லை. பரவாயில்லை. 1976-இல் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் வரை போய், 1988-இல் அங்கே வழக்கில் ஜெயித்து, 1991-இல்தான் ஊர் திரும்பினார். நூறு வருஷம் கடந்த சிற்பம், ஓவியம் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், வெளிநாடு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது என்று 1972-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், சாமி யார் வீட்டு ஷோகேஸுக்கும் தானாக நடந்து வராது.

இப்போது எங்கள் விதி ஒன்று மாறியிருக்கிறது. விலை பேசக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் பொருளோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் வர வேண்டும். எண், முத்திரை, எப்போது, யாரிடம் வாங்கியது, அவர்கள் சொன்ன சேதி என்ன? ஐந்தே வரி. எண்ணைப் பென்சிலால் சின்னச் சீட்டில் எழுதிப் பொருளோடு வைக்க வேண்டும். பசையோ செல்லோ டேப்போ ஒட்டக் கூடாது, தங்க ரேக்கு உரிந்துவிடும். என் ஒன்றரை ரூபாய் சாசர்தான் எண் ஒன்று. 'அம்மா கேட்டது: கப் எங்கேடா?' என்பதையும் எழுதியிருக்கிறேன்.

ஆசையுள்ளவர்கள் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கம்பெனி காலத்துப் பீங்கான்களைப் பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகமும் நமக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் அதற்கு முன் இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பரண் மேலிருக்கும் ஊறுகாய் ஜாடியை இறக்குங்கள். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இது யாரு வாங்கினது பாட்டி?" என்று கேட்டு, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூடலில் அந்த ஓரத்தில் ஒரு நீள மேஜை போடுங்கள். ஆளுக்கு ஒரு பழைய பொருள், ஐந்து வரிச் சீட்டு. நான் சாசரோடு வருகிறேன். யாரிடமாவது நீலப்பூ போட்ட கப் இருந்தால், அவசியம் கொண்டுவாருங்கள்.

அட்வைஸ் வேண்டாம் என்றார்கள், கொஞ்சம் சொல்லிவிட்டேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும்.