பரண் மேல இருந்த அம்மா குரல்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன், வசூல் பற்றி முன்னால பேசினவங்க நல்லாச் சொன்னாங்க. நான் பேசப்போறது உங்க வீட்டுப் பரண்ல கிடக்கிற பழைய கேசட் பற்றி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

1991-ல எங்க அண்ணன் சவுதிக்கு வேலைக்குப் போனாங்க. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால டேப் ரெக்கார்டர்ல பேசி, ஊருக்கு வந்துட்டுத் திரும்பப் போறவங்க கையில கேசட்டைக் கொடுத்து அனுப்புவாங்க. மாடு கன்னு போட்டது, கிணத்துத் தண்ணி இறங்கினது எல்லாம் சொல்லி, கடைசியில ஒரு நடவுப் பாட்டும் பாடுவாங்க. அண்ணன் திரும்பி வந்தப்ப ரெண்டு கேசட்டைப் பத்திரமாக் கொண்டு வந்தாங்க.

2004-ல அம்மா தவறிட்டாங்க. அதே வருஷம் என் மகன் விவரம் தெரியாம ஒரு கேசட்ல ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டைப் பதிஞ்சுட்டான். பத்து வயசுப் பையன், என்ன சொல்ல முடியும்? கேசட்டோட பின் ஓரத்துல ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைச்சுட்டா மேல பதிய முடியாது. அது எனக்கு அப்போ தெரியல. இன்னைக்கே வீட்டுக்குப் போய் முதல்ல அதைச் செய்யுங்க.

மிச்சம் இருந்த ஒண்ணைப் போன வருஷம் எடுத்தோம். மகளுக்குப் பள்ளிக்கூடத்துல அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருந்தது. டேப் ரெக்கார்டர் பெல்ட் தொய்ஞ்சுபோய்க் குரல் இழுத்துச்சு. ரேடியோ ரிப்பேர் கடையில மாத்தினோம். நாடா உரசுற ஹெட்டைப் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, நல்லாக் காயவிட்டோம். கேசட்டை ஒரு தடவை முழுசா ஓட்டி, திரும்பச் சுத்தினோம். ஒட்டியிருந்த நாடா இளகிடுச்சு. நாடாவுல வெள்ளையாப் பூஞ்சை தெரிஞ்சா மட்டும் ஓட்டாதீங்க, தெரிஞ்சவங்ககிட்டக் காட்டுங்க.

டேப் ரெக்கார்டர்ல ஹெட்போன் மாட்டுற துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போகணும். முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிட்டுக் கேட்டா, எங்க வீட்டு ஃபேன் சத்தமும் குக்கர் விசிலும்தான் இருந்துச்சு! லேப்டாப் தன்னோட மைக்கை எடுத்துக்கிடுச்சு. அப்புறம் மைக் துளை தனியா இருக்கிற சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி, ஆடாசிட்டிங்கிற இலவச மென்பொருள்ல அதைத் தேர்ந்தெடுத்தோம். சத்த அளவு சிவப்பைத் தொடாமப் பார்த்துக்கிடணும். தொட்டா குரல் கரகரக்கும். 60 நிமிஷக் கேசட்னா ஒரு பக்கம் 30 நிமிஷம். அவ்வளவு நேரமும் ஓடித்தான் ஆகணும், குறுக்குவழி இல்லை. முதல்ல வேவ் ஃபைலாச் சேமிச்சு, அதிலிருந்து போனுக்கு எம்பி3 எடுத்தோம்.

லேப்டாப் இல்லாதவங்க, ஃபேனை நிறுத்திட்டு, ஸ்பீக்கர் பக்கத்துல போனை வச்சுப் பதியலாம். தரம் குறையும், ஆனா குரல் மிஞ்சும்.

இப்போ அந்தக் கேசட்ல கேட்டதைச் சொல்றேன், அண்ணன்கிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். அம்மா சொல்றாங்க: ‘உன் விசாக் கடனுக்கு என் தோட்டை அடகு வச்சு வட்டி கட்டிட்டேன். தங்கச்சிகிட்டச் சொல்லாதே.’ தோடு தொலைஞ்சுபோச்சுன்னுதான் என்கிட்டச் சொல்லியிருந்தாங்க. தொலைச்சுட்டியேன்னு நான் திட்டியிருக்கேன். முப்பது வருஷம் கழிச்சு உண்மை தெரிஞ்சது. ஒரு தோட்டுக்காக அம்மா பட்ட பாட்டைக் கேட்ட பிறகு, நம்ம குழுக் கடன் பாஸ்புக்கை நான் வேற மாதிரிப் பார்க்கிறேன்.

இதுக்காகத்தான் சொல்றேன், எடுத்ததை எல்லாம் உடனே வாட்ஸ்அப்ல போடாதீங்க. பாட்டைப் பகிரலாம், வீட்டுப் பேச்சை வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பென்டிரைவ்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு, உறவுக்காரர் வீட்ல ஒண்ணுன்னு மூணு பிரதி வையுங்க. கேசட்டையும் எறியாதீங்க.

கடைசியா ஒரு கோரிக்கை. ஆளுக்கொரு டேப் ரெக்கார்டர் தேட வேண்டாம். கூட்டமைப்பு அலுவலகத்துல ஒண்ணு வச்சா, குழு வாரியா முறை போட்டு எடுத்துக்கலாம். எங்க வீட்டு டேப் ரெக்கார்டரை நானே தர்றேன். சொல்லிக் கொடுக்க என் மகளும் வருவா.