குளிர்காலத்தில் செடிக்குத் தாகம்

நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை. இங்கே மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத்தில் செப்டம்பர், அக்டோபரோடு மழை விடைபெற்றுவிடும். அடுத்த மழை ஜூனில்தான். தை பிறக்கும்போது மண் எப்படிக் காய்ந்திருக்கும், பாருங்கள்!

"குளிர்தானே, செடிக்கு எதற்குத் தண்ணீர்?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். குளிர் வேறு, ஈரம் வேறு. வறண்ட காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

தரையில் நன்றாக வேர்பிடித்த நொச்சியும் ஆடாதோடையும் தாமே சமாளித்துக்கொள்ளும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்குக் கவலையெல்லாம் பால்கனித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையும், போன மழைக்கு நட்ட இளங்கன்றும்தான்.

விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுங்கள். ஈரமண் ஒட்டுகிறதா? இன்று தண்ணீர் வேண்டாம். பொடியாக உதிர்கிறதா? ஊற்றுங்கள். காலையில் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்துளையில் நீர் கசியும் வரை மெதுவாக ஊற்றுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளித்தால் மேல்மண்தான் நனையும், வேரும் மேலேயே நின்றுவிடும். அடிக்கடி வேண்டாம், ஆழமாக வேண்டும்.

கறிவேப்பிலை குளிரில் அதிகம் துளிர்க்காது. அதைப் பார்த்துப் பயந்து நீரைக் கொட்டாதீர்கள், வேர் அழுகிவிடும். விரல் சொல்வதைக் கேளுங்கள்.

உதிர்ந்த சருகைப் பெருக்கிக் குப்பையில் போடாமல் செடியடியில் பரப்புங்கள். அரிசி களைந்த நீரையும் ஊற்றலாம், உப்பு மட்டும் சேரக்கூடாது.