மண்சுவரின் அடியையும் படம் எடுங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் டூசான் என்றொரு நகரம். அங்கே பாரியோ வியெஹோ என்ற பகுதியில் கேமராவும் கையுமாகச் சுற்றியிருக்கிறேன். ஸ்பானிஷ் மொழியில் அதற்குப் 'பழைய பேட்டை' என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் பல, சுடாத மண்கல்லால் கட்டியவை. சுவர் தெருவை ஒட்டியே நிற்கும், முற்றம் பின்பக்கம். ஒன்றரை, இரண்டு அடி கனச் சுவர். பகல் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அங்கே போறவங்க நிறைய பேர் நீலக் கதவு, மஞ்சள் சுவர்னு நாலு படம் எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. அழகுதான்; ஆனால் அது போதாது.

மெயர் அவென்யூ வடக்கு தெற்காக ஓடுகிறது. காலை வெயிலில் கிழக்குப் பார்த்த சுவரின் நிறம் நன்றாக வரும். மேடு பள்ளம் தெரியணும்னா, சூரியன் உச்சிக்கு ஏறி, வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும் வரை காத்திருக்கணும். அப்போதுதான் பூச்சு உதிர்ந்த இடமும் உள்ளிருக்கும் மண்கல்லும் தெரியும்.

முக்கியமாகச் சுவரின் அடியைப் பாருங்கள். பிற்காலத்தில் சிமெண்டு பூசிய சுவரில் ஈரம் வெளியேற வழியில்லை. உள்ளேயே தங்கி மண்ணைக் கரைக்கும். மண்பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விடும். பழுது பார்ப்பவருக்கு அழகான கதவை விட இந்தப் படம்தான் உதவும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 1960-களின் இறுதியில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி, இந்தப் பேட்டையை ஒட்டி சுமார் 80 ஏக்கரை இடித்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினரும் சீனரும் கறுப்பரும் வாழ்ந்த தெருக்கள் அவை. அந்த இடத்தில் 1971-இல் மாநாட்டு அரங்கம் திறந்தார்கள். போன தெருக்களை இன்று போட்டோவில்தான் பார்க்கலாம். அதே 1971-இல் எல் திராதித்தோ என்ற சின்ன வழிபாட்டிடம் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம் பெற்றது; அங்கே வரவிருந்த நெடுஞ்சாலையைத் தடுக்க அது கைகொடுத்தது. மிஞ்சிய வீடுகள் பிழைத்தன. ஆனால் விலை ஏறியதால், பழைய குடும்பங்கள் பல அங்கே இல்லை.

மாணவர்களே, ஒரு கதவை எடுத்தால் அந்தத் தெரு வரிசையையும் சேர்த்து எடுங்க. தேதி, தெரு, எந்தத் திசை பார்த்து எடுத்தீங்க, மூணையும் எழுதி வையுங்க. வீடு போனாலும் அது நின்ற இடம் தெரியும்.