உடுவிலில் ஒரு மழை இரவு



யாழ்ப்பாணத்து மாரி மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடித்தால் இலேசில் விடாது. ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிற்கும். அப்படியொரு மழையில் அகப்பட்ட இரண்டு சிறுமிகளின் கதையை உடுவிலில் வழிவழியாகச் சொல்லுவார்கள். பாதிரியார் வீட்டுக்குப் பகலில் படிக்க வந்துபோன பிள்ளைகள் அவர்கள். அன்று பொழுது சாய்ந்தும் மழை விடவில்லை. பசி வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா ஏதோ கொடுத்தார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிப்போனார்கள்.

இவ்வளவுதானா கதை என்று கேட்பீர்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் இது சின்ன விஷயம் இல்லை.

அந்த அம்மாவின் பெயர் ஹரியட் வின்ஸ்லோ. அமெரிக்காவில் கனெக்டிகட் பக்கத்துப் பெண். கணவர் மைரன் வின்ஸ்லோவை நமக்கு வேறு வழியில் தெரியும். 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதி அவருடையது. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது 1816இல். இந்தத் தம்பதியர் 1820இல் உடுவிலுக்கு வந்தார்கள். அப்போது அது பனந்தோப்பும் தோட்டக் கிணறுமாக இருந்த ஒரு கிராமம்.

பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்டது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய தடை சோறு. மிஷன் வளவில் சமைத்ததைத் தின்றால் சாதி போய்விடும் என்று பயந்தார்கள். வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளை விடுதியில் சேர்த்தபோதுகூட, சமையலறையை மிஷன் வளவுக்கு வெளியே, அயலில் இருந்த சைவர் ஒருவரின் காணியில் வைக்கவேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஊரில் பெண்பிள்ளைகள் பாதிரி வீட்டில் சாப்பிட்டு, இரவும் தங்கிவிட்டார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். மழை அங்கே ஒரு கதவைத் திறந்துவிட்டது.

1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்று சொல்வார்கள். உணவும் உடையும் இலவசம். படிப்பு முடியும்வரை பிள்ளையை இடையில் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக, கல்யாணத்துக்குச் சீதனத்தை மிஷன் கொடுக்கும்! ஊரின் நாடியைப் பிடித்துப் பார்த்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த இளைஞர்களுக்குப் படித்த மணப்பெண் இங்கேதான் கிடைத்தாள்.

இதற்கெல்லாம் ஒரு விலையும் இருந்தது. பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர் தமக்குப் பிடித்த பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார். வட்டுக்கோட்டையில் படித்த கறல் விசுவநாதபிள்ளையின் பெயரில் முன்னால் நிற்கும் ‘கறல்’ அப்படி வந்ததுதான். மதம் மாற்றும் எண்ணத்தை மிஷன் ஒளிக்கவும் இல்லை. வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெள்ளாளக் குடும்பத்தினர். எல்லாச் சாதியாருக்கும் ஒரே பந்தி என்ற நிலை உடனே வந்துவிடவில்லை.

ஹரியட் 1833இல், 36 வயதில் காலமானார். 1840இல் நியூயார்க்கிலிருந்து எலைசா அக்னியூ இந்தப் பாடசாலைக்குக் கற்பிக்க வந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. 1879வரை உடுவிலே அவர் உலகம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். முதலில் தாய் படித்தாள், பிறகு மகள், பிறகு பேத்தி. விடுமுறை வந்தால் பழைய மாணவிகளின் வீடு தேடிப் போவார். ‘ஆயிரம் மகள்மாரின் தாய்’ என்று அவரைச் சொன்னதில் வியப்பில்லை. 1883இல் யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார்.

உடுவிலுக்குப் பக்கத்தில் மருதனார்மடம். அங்கே 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கு விடுதியோடு ஒரு கல்லூரியைத் திறந்தார். மிஷன் பள்ளிக்கு மாற்றாக எழுந்ததுதான். ஆனால் அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. மகளை விடுதிக்கு அனுப்பலாமா என்ற கேள்வி அதற்குள் பழையதாகிவிட்டது. எந்த விடுதிக்கு என்பதுதான் புதுக் கேள்வி. மதத்தில் உடுவிலோடு ஒத்துப்போகாதவர்களும், பெண்பிள்ளை வீட்டுக்கு வெளியே தங்கிப் படிக்கலாம் என்ற அதன் வழியை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விடுதிப் பாடசாலைதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 2024இல் அதற்கு இருநூறு வயது நிரம்பியது.

இன்று விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த எந்தத் தாயும் தொலைபேசியில் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியா? இல்லை. “சாப்பிட்டியா பிள்ளை?” என்றுதான். அந்த மழை இரவு விடிந்ததும் உடுவிலில் ஒரு தாய் தன் மகளிடம் இதையேதான் கேட்டிருப்பாள். குரலில்தான் வேறு பயம் இருந்திருக்கும்.